கடனில்லாதவருக்குக் கடனில்லை

பட்டுக்கோட்டையில் ஒரு வங்கிக் கிளை. மேசைக்கு அந்தப் பக்கம் கடன் பிரிவு அதிகாரி. இந்தப் பக்கம் என் பெரியப்பா மகன்; பதினான்கு ஆண்டு சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். துணைக்கு நான். சொந்தமாக வெல்டிங் பட்டறை போட எட்டு லட்சம் கேட்டு மனு கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதிகாரி கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"சார், உங்களுக்கு ஸ்கோரே வரல. மைனஸ் ஒன்னு காட்டுது."

"மைனஸா? நான் யாருக்கும் பத்துப் பைசா பாக்கி வைக்கலையே மேடம்."

"அதான் சார் பிரச்சினை."

அண்ணன் முதலில் சிரித்தார். வெளியே வந்து டீக்கடையில் நின்றபோதுதான் கோபம் வந்தது. "கடன் வாங்காம இருந்தது குத்தமாடா?" என்றார். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

மைனஸ் ஒன்று என்பது மதிப்பெண் அல்ல. மதிப்பெண் போடுவதற்கு ஏட்டில் எதுவும் இல்லை என்பதற்கான குறி. சிபில் அளவுகோல் 300-இல் தொடங்கி 900-இல் முடிகிறது. இது அந்தக் கோலுக்கு வெளியே நிற்கிறது. வாங்கிய கடனை இழுத்தடித்தவருக்கு 560 வரலாம், 610 வரலாம். எதுவானாலும் ஓர் எண் உண்டு. வாங்கவே வாங்காதவருக்கு எண்ணே கிடையாது. வங்கியின் கண்ணில் முன்னவர் தெரிந்த ஆபத்து, பின்னவர் தெரியாத ஆள். தெரியாத ஆளுக்கு எந்த வட்டிக்குக் கொடுப்பது என்று கணக்குப் போட இயந்திரத்துக்கு வழியில்லை. அதனால் மனு தானாகவே ஓரங்கட்டப்படுகிறது.

'சிபில் பார்க்கிறார்கள்' என்று நாம் சொல்வது ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. ஒரு நிறுவனத்தின் பெயர் தொழிலுக்கே பெயராகிவிட்டது. ரிசர்வ் வங்கி அமைத்த சித்திக்கி குழு பரிந்துரைத்து, 2000-இல் சிபில் தொடங்கியது. தனிநபர் கடன் விவரங்களை 2004-இல் வங்கிகளுக்குத் தர ஆரம்பித்தது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005-இல் வந்தது. பிறகு எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று மூன்று நிறுவனங்கள் சேர, இன்று நான்கு ஏடுகள். கடன் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் நான்கிலும் உறுப்பினராக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015-இல் உத்தரவிட்டது. இலங்கை இதில் நமக்கு மூத்தது. அங்கே 1990-லேயே தனிச் சட்டம் இயற்றிக் கடன் தகவல் பணியகத்தை அமைத்துவிட்டார்கள். நம் நாட்டில் ஒரு சாதாரண மனிதர் தன்னுடைய மதிப்பெண்ணைத் தானே பார்க்க 2011 வரை வழியில்லை. அண்ணன் விமானம் ஏறியது 2010-இல். அப்போது எங்கள் ஊரில் வங்கிக் கடன் என்றால் மேலாளரைத் தெரியுமா, ஜாமீன் போட ஆள் உண்டா என்பதுதான் பேச்சு. அவர் ஊரில் இல்லாத ஆண்டுகளில்தான் அந்தப் பேச்சு மாறிப்போனது.

தமிழ்நாட்டுப் புலம்பெயர்வு பற்றித் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு கணக்கெடுப்பு செய்தார்கள். ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது அது. அதில் முதலிடம் துபாய் இல்லை, சிங்கப்பூர். நான்கு லட்சத்துக்கும் சற்று மேல். இவர்களில் பெரும்பாலோர் குடியுரிமை தேடிப் போனவர்கள் அல்லர். வளைகுடாவில் எத்தனை ஆண்டு இருந்தாலும் ஒருநாள் திரும்பித்தான் ஆக வேண்டும். சிங்கப்பூரில் தொழிலாளர் பர்மிட்டும் அப்படித்தான். ஆகவே திரும்பி வருவது இவர்களுக்கு விதிவிலக்கு அல்ல, ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்ட முடிவு. நம் கடன் ஏடு மட்டும் அவர்களை எதிர்பாராத விருந்தாளி போல நடத்துகிறது.

அண்ணன் கடனே வாங்காதவர் என்றேனே, அது வங்கியின் மொழியில். உண்மையில் வாங்கினார். போகும்போது ஏஜெண்டுக்குக் கட்ட இரண்டு லட்சம் வேண்டியிருந்தது. ஒரு லட்சம் அண்ணியின் நகையை அடகுக் கடையில் வைத்து. இன்னொரு லட்சம் மூணு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். வட்டி மட்டும் மாதம் மூவாயிரம். இரண்டே கால் ஆண்டில், ஒரு மாதம்கூடத் தவறாமல், அசலும் வட்டியும் கட்டி நகையை மீட்டார். அடகுக் கடை 1943-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றது. ரசீதெல்லாம் ஒழுங்காகவே கொடுத்தார்கள். ஆனால் அந்த ரசீது எந்தப் பணியகத்துக்கும் போகாது. வட்டிக்குக் கொடுத்தவரின் நோட்டுப் புத்தகமும் போகாது. ஏலச்சீட்டுக்கு மாதாமாதம் கட்டிய பணமும் இந்த ஏட்டில் ஏறுவதில்லை. வங்கியில் கிடக்கும் சேமிப்பு, ரொக்கம் கொடுத்துக் கட்டிய வீடு, மாதாமாதம் சிராங்கூன் சாலைப் பணமாற்றுக் கடை வழியாக அனுப்பிய சம்பளம், இவை எதற்கும் மதிப்பெண் கிடையாது. வருமானமே அந்தக் கணக்கில் சேராது.

தமிழில் நாணயம் என்றால் காசு. நாணயமானவர் என்றால் சொன்ன சொல் காப்பவர். காசையும் நேர்மையையும் ஒரே சொல்லில் கட்டிவைத்த மொழி நம்முடையது. கடன் ஏடு அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. உறுப்பினராக உள்ள ஒரு நிறுவனத்திடம் கடன் வாங்கி, அதை அந்த நிறுவனம் பதிவு செய்து, நாள் தவறாமல் கட்டியிருந்தால் மட்டுமே அதன் கணக்கில் நீங்கள் நாணயமானவர்.

அதிகாரி அன்று ஒரு யோசனை சொன்னார். அண்ணன் பெயரில் ஆறு லட்சத்துக்கு நிரந்தர வைப்பு இருந்தது. "அதுமேல லோன் தர்றோம் சார், ஸ்கோர் வேண்டாம்." அண்ணன் என்னைப் பார்த்தார். "என் காசையே எனக்குக் கடனாத் தருவாங்களாம், அதுக்கு நான் வட்டி கட்டணுமாம்." அவர் அதைக் கிண்டலாகச் சொன்னார். வேறு வடிவத்தில் அதுதான் மருந்தாகவும் ஆயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

சிங்கப்பூரில் ஏதாவது கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியிருந்தால் உதவியிருக்குமா? இருக்காது. அங்கே கடன் பணியகம் 2002 முதல் இயங்குகிறது. அதன் மதிப்பெண் 1000-இலிருந்து 2000 வரை போகும். அமெரிக்காவின் ஃபைகோ 300 முதல் 850. ஐக்கிய அமீரகத்தின் அல் எதிஹாத் பணியகம் 2014-இல் வேலையைத் தொடங்கியது. அதன் கோல் நம்முடையதைப் போலவே 300 முதல் 900. கோல் ஒன்றாக இருப்பதால் துபாயில் 780 வாங்கியவர் இங்கேயும் 780 என்று நம்பிக்கொண்டு வருகிறார். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒவ்வொரு பணியகமும் தன் நாட்டுச் சட்டத்தின்கீழ், தன் நாட்டு உறுப்பினர்கள் தரும் தகவலை மட்டுமே வாங்குகிறது. ஆளை அடையாளம் காணும் சாவியும் வேறு: அமீரகத்தில் எமிரேட்ஸ் அட்டை எண், அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு எண், இங்கே பான். இரண்டு எண்ணும் ஒரே மனிதர் என்று சொல்ல இயந்திரத்துக்கு ஆதாரம் கிடையாது.

எல்லையைத் தாண்டவே முடியாதா என்றால், ஒரு திசையில் முடிகிறது. நோவா கிரெடிட் என்ற அமெரிக்க நிறுவனம் 2016-இல் தொடங்கியது. குடியேற வருகிறவரின் சொந்த நாட்டு ஏட்டை, அவர் சம்மதத்தோடு எடுத்து, அமெரிக்காவில் கடன் கொடுப்பவருக்குப் புரியும் வடிவில் கொடுப்பது அதன் தொழில். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2019-இல் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தது. எடுத்துவரக்கூடிய ஏடுகளில் இந்தியாவுடையதும் உண்டு. பணக்கார நாட்டு வங்கிக்குப் புது வாடிக்கையாளர் வேண்டும், அதனால் பாலம் கட்டினார்கள். போகிறவருக்குப் பாலம், திரும்புகிறவர் நீந்தித்தான் வர வேண்டும்.

ஒரு காலத்தில் தமிழரின் கடன் மதிப்பு கடல் தாண்டிப் போய் வந்தது. இரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பெயர் ஒரு துறைமுகத்தில் செல்லுபடியானால் அடுத்த துறைமுகத்திலும் செல்லுபடியாகும். இரங்கூன் முகல் தெருவில் இருந்த செட்டியார் கோயிலில் கூடி நடப்பு வட்டியை மாதந்தோறும் நிர்ணயித்தார்கள். யார் கடையில் யார் பெட்டியடிப் பையனாக இருந்தான், யார் கணக்கு சுத்தம், யார் கை நீளம் என்பதெல்லாம் காரைக்குடிக்கும் தெரியும், மாண்டலேக்கும் தெரியும். ஏடு அவர்களின் உறவுக்குள் இருந்தது. மனிதன் நகர்ந்தால் அதுவும் கூடவே நகர்ந்தது. இதைச் சொல்லி ஏங்குவதில் எனக்கு விருப்பமில்லை. அந்த ஏட்டில் இடம் பெற நகரத்தாராகப் பிறந்திருக்க வேண்டும். பர்மா உழவருக்கோ, அதே கப்பலில் கூலியாகப் போன தஞ்சாவூர்க்காரருக்கோ அதில் ஒரு வரிகூட இல்லை. சிபிலின் இயந்திரம் சாதி கேட்பதில்லை. ஆனால் அதற்குக் கப்பலேறத் தெரியவில்லை.

எனவே வெளிநாட்டை விட்டுக் கிளம்பும்முன் செய்ய வேண்டியதை அங்கேயே செய்துவிட வேண்டும். அந்த நாட்டுப் பணியகத்தின் அறிக்கையை அச்சிலும் கோப்பிலும் எடுத்துக்கொள்வது, அட்டைகளை மூடிப் பாக்கியில்லைச் சான்று வாங்குவது, கடைசி ஓராண்டு வங்கிக் கணக்கு விவரம். இங்குள்ள இயந்திரம் அவற்றைப் பார்க்காது; ஆனால் மேலதிகாரிக்குக் கோப்பு அனுப்பும் மனிதர் பார்ப்பார். விசா முடிந்து அங்குள்ள கைபேசி எண்ணும் போனபிறகு அந்தத் தாள்களை வாங்குவது பெரும்பாடு.

அங்கே பாக்கி வைத்துவிட்டு வந்தவர்களின் கதை வேறு. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கின்போது, வந்தே பாரத் மீட்பு விமானங்களில் ஊர் திரும்பியவர்களில் வேலை போனவர்கள் ஏராளம். கட்டி முடிக்காத கார்க் கடனையும் கார்டு பாக்கியையும் அங்கேயே விட்டு வந்தவர்கள் உண்டு. விமானம் ஏறினால் கதை முடிந்தது என்ற பழைய நம்பிக்கைக்கு அதே ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதியே ஆயுள் முடிந்திருந்தது. அன்றுதான் இந்திய அரசு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்கீழ், அமீரகத்தைப் பரஸ்பர நாடாக அறிவித்தது. துபாய் நீதிமன்றம் ஒரு வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கொடுத்தால், அதை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில், இங்கேயே பிறந்த தீர்ப்புப் போல நிறைவேற்றக் கேட்கலாம். சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் நெடுங்காலமாக இருக்கிறது, அமெரிக்கா இல்லை. துபாய்ப் பாக்கி சிபிலில் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அதே ஆளின் ராமநாதபுரத்து மனைக்கு ஜப்தி நோட்டீஸ் வர வாய்ப்புண்டு.

வெற்று ஏட்டைவிடச் சிக்கலானது கறைபட்ட ஏடு. கறை பெரும்பாலும் அயல்நாட்டில் விழுவதில்லை. போகும்போது நாம் பூட்டாமல் விட்ட வீட்டில்தான் விழுகிறது. என் நண்பர் ஒருவர் தம்மாமில் பன்னிரண்டு ஆண்டு இருந்தவர். 2009-இல் சென்னையில் வேலை பார்த்தபோது, பெட்ரோல் பங்கில் நின்ற ஒரு பையன் தலையில் கட்டிய கிரெடிட் கார்டு அவரிடம் இருந்தது. முதல் ஆண்டு கட்டணமில்லை. ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் கட்டிவிட்டு, அட்டையை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு விமானம் ஏறினார். வெட்டினால் மூடியதாக ஆகிவிடும் என்று நினைத்தார். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய் கணக்கில் ஏறியது. கட்டவில்லை என்று தாமதக் கட்டணம். அதற்கு மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி. அதற்குச் சேவை வரி. கடிதங்கள் ஆதம்பாக்கத்து வாடகை வீட்டுக்குப் போயின. அழைப்புகள் காலாவதியான சிம்முக்குப் போயின. சில ஆண்டு கழித்து இருபத்தோராயிரத்துச் சொச்சம் 'தள்ளுபடி' என்று எழுதப்பட்டது. தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டு யாரும் மகிழ வேண்டாம். வங்கி தன் புத்தகத்தில் நஷ்டமாக எழுதிக்கொண்டது என்பதே அதன் பொருள். கடன் அப்படியே இருக்கும், ஏட்டில் கறையும் இருக்கும்.

அவர் காட்டிய அறிக்கையை வரிவரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு கணக்குக்கும் கீழே மாதத்துக்கு ஒன்றாக 36 கட்டங்கள். கட்டத்துக்குள் மூன்று இலக்கம்: தவணை எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கு. 000 என்றால் ஒழுங்கு. 030 என்றால் முப்பது நாள். தகவலே வராத மாதத்துக்கு மூன்று எக்ஸ். நண்பரின் பழைய அட்டைக்கு நேரே 030, 061, 091 என்று ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் இலக்கங்கள் 900 பக்கம் நின்றுவிட்டன. தம்மாமில் வெயிலில் நின்று அவர் சம்பாதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் இங்கே ஒரு கட்டம் கெட்டுக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அவர் செய்தது இன்னொரு தவறு. கடனை விலைக்கு வாங்கியிருந்த ஒரு சொத்து மீட்பு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள்: "ஆறாயிரம் கட்டுங்க சார், முடிச்சிடலாம்." கட்டினார். ஏட்டில் 'தள்ளுபடி' போய் 'செட்டில்டு' வந்தது. அந்தச் சொல்லுக்கு வங்கிக்காரர் அகராதியில் பொருள், முழுதும் கட்டாமல் பேரம் பேசி முடித்தவர் என்பது. முழுதும் கட்டினால்தான் 'குளோஸ்டு'. பேரத்தில் உட்காரும்முன் எந்தச் சொல் எழுதப்படும் என்று எழுத்தில் வாங்காமல் பணம் கட்டுவது, பத்திரம் படிக்காமல் கையெழுத்துப் போடுவது போலத்தான். தவறாக விதிக்கப்பட்ட கட்டணங்களைத் தள்ளச் சொல்லி முதலில் வாதாடி, மிச்சத்தை முழுதாகக் கட்டிப் பாக்கியில்லைச் சான்று வாங்கியிருக்க வேண்டும்.

இதில் பரவலாக உலவும் இரண்டு நம்பிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டு போனால் கடன் காலாவதி என்பார்கள். அது வழக்குப் போடுவதற்கான காலவரம்பு. ஏட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏழு ஆண்டில் எல்லாம் அழிந்துவிடும் என்பார்கள். தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றுதான் விதி. ஏழாம் ஆண்டு அழித்தே தீர வேண்டும் என்று எங்கும் இல்லை.

விதிகள் நண்பரின் காலத்தைவிட இன்று எவ்வளவோ மேல். 2022-இல் நடப்புக்கு வந்த கார்டு விதிகளின்படி, ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கிரெடிட் கார்டை மூடும் வேலையை வங்கியே தொடங்க வேண்டும். மூடச் சொல்லிக் கேட்டால் ஏழு வேலைநாளில் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம். தவணை தவறியவர் என்று பணியகத்துக்குச் சொல்லும்முன் ஏழு நாள் அறிவிப்பு தர வேண்டும். ஏட்டில் பிழை இருந்தால் புகார் கொடுத்த 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். அதில் வங்கிக்கு 21 நாள். கெடு தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் பணியகங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. இவ்வளவும் இலவசம். ஆனாலும் "சிபில் கிளியர் பண்ணித் தர்றோம், பத்தாயிரம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களிடம் போய் விழுகிறோம். கடன் கொடுத்தவர் உறுதிசெய்யாமல் பணியகத்தால் ஒரு கட்டத்தைக்கூட மாற்ற முடியாது. இடைத்தரகர் எதை மாற்றிவிடப் போகிறார்?

நான்கு பணியகங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் அப்படி. திரும்பி வந்தவர் நான்கையும் எடுத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் நான்கும் ஒரே மாதிரி இருக்காது. தமிழருக்கு இங்கே தனியாக ஒரு தொல்லை உண்டு: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பான் அட்டை தலைப்பெழுத்தை ஏற்காது, விரிக்கச் சொல்லும். எம். செந்தில் பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் செந்தில் முருகேசன், பானில் முருகேசன் செந்தில், பழைய வங்கிக் கணக்கில் செந்தில் எம். பணியகத்தின் இயந்திரம் பெயர், பிறந்த தேதி, பான், முகவரி, கைபேசி எண் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஆளைப் பொருத்துகிறது. பத்தாண்டில் முகவரியும் எண்ணும் மாறி, பெயரும் தலைகீழானால் ஒரே மனிதருக்கு இரண்டு ஏடு உருவாகும். அல்லது அதே பெயருள்ள வேறொருவரின் டிராக்டர் கடன் நம் ஏட்டில் வந்து உட்காரும். அண்ணனின் அறிக்கையைக் கணினியில் எடுக்கவே ஒரு வாரம் போயிற்று. பதிவு செய்திருந்த பழைய கைபேசி எண் இப்போது திருப்பூரில் யாரிடமோ இருக்கிறது, ஓ.டி.பி. அவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

பானுக்கே உயிர் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஆதாரோடு இணைக்காத பான்கள் 2023 ஜூலையில் செயலிழந்தன. வெளிநாடுவாழ் இந்தியருக்கு விலக்கு உண்டென்றாலும், தம் நிலையை வருமான வரித் துறையிடம் பதியாதவர்களின் பானும் அதில் சேர்ந்து போயிற்று. ஆதார் வாங்கத் திரும்பி வந்து 182 நாள் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி, இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2019-லேயே எடுக்கப்பட்டுவிட்டது.

வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கு வைத்திருந்தவர்கள், ஊரோடு தங்க வந்தவுடன் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி அவற்றை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். இந்த இடத்தில் ஒரு கண்ணிவெடி புதைந்திருக்கிறது. அங்கிருந்தபடியே சென்னையில் ஃபிளாட் வாங்கி, என்.ஆர்.இ. கணக்கிலிருந்து தவணை போகும்படி வைத்தவர்களுக்குத்தான் உண்மையில் நல்ல ஏடு இருக்கும். அந்தக் கடன் பானோடு சேர்ந்து மாதாமாதம் பதிவாகிறது. கணக்கை மாற்றும்போது கணக்கு எண்ணும் மாறிவிடுவதுண்டு. தவணைக்கான தானியங்கி உத்தரவு பழைய எண்ணிலேயே நிற்கும். பத்தாண்டாக ஒருமுறைகூடத் தவறாதவருக்கு, ஊர் திரும்பிய இரண்டாம் மாதம் முதல் 030 விழும். புது உத்தரவு பதிவானதை உறுதிசெய்யாமல் பழைய கணக்கைத் தொடக் கூடாது. அண்ணனுக்கு இந்தத் தொல்லை இல்லை. பதினான்கு ஆண்டும் சாதாரணச் சேமிப்புக் கணக்கிலேயே பணம் போட்டுக்கொண்டிருந்தார். சட்டப்படி அது தவறு, அது அவருக்கும் தெரியாது, வங்கியும் கேட்கவில்லை.

வெற்று ஏட்டை நிரப்புவதற்கு வருவோம். அண்ணனை நான் சம்மதிக்க வைத்தது ஒரு வைப்புக் கார்டுக்கு. ஐம்பதாயிரம் ரூபாய் வைப்பை வங்கி பிடித்து வைத்துக்கொண்டு நாற்பதாயிரம் வரம்புள்ள கிரெடிட் கார்டு கொடுத்தது. வைப்புக்கு வட்டி வழக்கம்போல வரும். மதிப்பெண் கேட்க மாட்டார்கள், பணம் அவர்கள் கையிலேயே இருப்பதால். ஆனால் பணியகத்துக்கு மற்றக் கார்டைப் போலவே இதுவும் பதிவாகும். வெல்டிங் ராடும் கட்டிங் வீலும் பெட்ரோலும் அதில் வாங்கினார். மாதம் பத்து, பன்னிரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்பது நல்லது என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. சூத்திரத்தைப் பணியகங்கள் முழுதாக வெளியிடுவதில்லை. கடன் கொடுப்போர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்ததிலிருந்து, நல்லதும் கெட்டதும் முன்னைவிடச் சீக்கிரம் ஏறுகிறது.

இன்னொரு வழி நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அவசரத்துக்கு நகையை எப்படியும் வைக்கத்தான் போகிறோம்; அடகுக் கடைக்குப் பதிலாக வங்கியில் வைத்தால் அது நகைக்கடனாக ஏட்டில் ஏறும், மீட்டதும் ஏறும். செய்யக் கூடாதது, ஒரு வங்கி மறுத்தவுடன் அடுத்த வாரமே ஐந்து வங்கிகளில் மனுப் போடுவது. ஒவ்வொரு மனுவுக்கும் ஏட்டில் ஒரு விசாரணை பதிவாகும். வரிசையாகப் பார்க்கிறவருக்கு அது பதற்றமாகத் தெரியும். கைபேசிச் செயலிகளில் ஐயாயிரம், பத்தாயிரம் என்று வாங்கி ஏட்டை நிரப்பலாம் என்று சொல்வார்கள். அவசரமாக நிரப்பிய ஏட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதற்கு வேண்டியது பணம் அல்ல, மாதங்கள். அண்ணனுக்கு முதல் எண் வர ஏழு மாதம் ஆயிற்று.

ஏழு மாத ஏட்டுக்கு எட்டு லட்சம் கொடுக்க அந்தக் கிளை அப்போதும் தயங்கியது. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி உத்தரவில் சொல்லியிருக்கிறது. குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் தான் விதிக்கவில்லை என்பதும் நிதி அமைச்சகம் வழியாக அதே ஆண்டு மக்களவையில் தெளிவுபடுத்தப்பட்டது. இதை அதிகாரியிடம் சொன்னோம். அவர் மறுக்கவில்லை, வேறு காரணம் சொன்னார். இந்தியாவில் வருமான வரிக் கணக்கு இல்லை, தொழில் புதிது. 'ஒரே காரணம்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கேரளத்தில், வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான நோர்கா துறை திரும்பியவர்களுக்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறது: 30 லட்சம் வரையான தொழிலுக்கு 15 சதவீதம், அதிகபட்சம் மூன்று லட்சம் மூலதன மானியம். வங்கிக்கும் திரும்பியவருக்கும் இடையே அரசு நின்று, இவர் இன்னார் என்று சொல்கிறது. ஒருவருக்கு அறிமுகம் செய்துவைக்க ஆள் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அதிகாரி அப்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "வீட்ல அவங்க குழுவுல இருக்காங்களா சார்?"

அண்ணி இருந்தார். மகளிர் சுயஉதவிக் குழுவில் பதினோரு ஆண்டு. முதலில் பதினைந்தாயிரம், பிறகு நாற்பது, கடைசியாக எழுபத்தைந்து. மாடு வாங்கியது, மகளுக்கு நர்சிங் கல்லூரிக் கட்டணம் கட்டியது எல்லாம் அதில்தான். குழு உறுப்பினர்களின் விவரங்களைத் தனித்தனியாகப் பணியகங்களுக்குத் தர வேண்டும் என்று 2016-இல் விதி வந்தது. அண்ணன் மாதாமாதம் அனுப்பிய பணம் எங்கும் பதிவாகவில்லை. அதிலிருந்து அண்ணி கட்டிய தவணை ஒவ்வொன்றும் பதிவாகியிருந்தது. அதிகாரி அவர் அறிக்கையை எடுத்தார். மதிப்பெண் 761. கட்டங்களில் 000, 000, 000 என்று வரிசை நீண்டது. 2020-இல் ஊரடங்கு மாதங்களில் மட்டும் இரண்டு கட்டங்களில் எக்ஸ்.

கடன் அண்ணி பெயரில், அண்ணன் இணைக் கடன்தாரர். எட்டு கேட்டதற்கு ஆறரை லட்சம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட அண்ணி வந்தபோது மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிதான் இருந்தது. அதிகாரி முதல் நாற்காலியை அவருக்குக் காட்டி, "நீங்க இங்க போடுங்கம்மா, சார் கீழ ரெண்டாவது இடத்துல" என்றார். அண்ணன் பேனாவை அண்ணியிடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.